99 சதவீதம் என்ற எண்ணை நம்பி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் சிவில் இன்ஜினியர். ஏழு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றின் திட்டப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. மொத்த இணைப்பு லோடு 1,500 கிலோவாட். உச்சத் தேவை 850 கேவிஏ வரும், 1000 கேவிஏ டிரை டைப் (ஆயில் இல்லாத, காற்றால் குளிரும்) டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு போதும் என்கிறார் எலக்ட்ரிக்கல் ஆலோசகர். கான்ட்ராக்டரோ, "பெரிசா போட்டுட்டா பின்னால பிரச்சினையே வராது, 1600 போடுங்க" என்கிறார். 1000 கேவிஏவுக்கு மூன்று கொட்டேஷன் வந்திருக்கின்றன. முதலாவதில் நோ-லோடு இழப்பு 1,400 வாட், லோடு இழப்பு 9,000 வாட். இரண்டாவதில் 2,000 வாட், 8,200 வாட்; "99% எஃபிஷியன்சி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது அமார்ஃபஸ் கோர்: 550 வாட், 9,000 வாட், விலை மிக அதிகம். வாரம் ஐந்து நாள், தினம் 11 மணி நேரம் அலுவலகம் இயங்கும். அப்போது ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் சுமார் 400 கேவிஏ, மற்ற நேரங்களில் 80 கேவிஏ இருக்குமாம். அறை அடித்தளத்தில். கட்டிடத்துக்குப் பின்னால் காலி இடமும் இருக்கிறது. பிற்காலத்தில் கார் சார்ஜர்கள் வரலாம். பேனல் வரைபடம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. டேட்டா ஷீட்களை இணைத்திருக்கிறேன். எதை எடுப்பது? செம்பு வைண்டிங்கா, அலுமினியமா? இரவில் ஒன்றை அணைத்து வைக்கலாமா?

பதில்:

வணக்கம். கொட்டேஷன்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கட்டிடத்தின் இரவை முதலில் நினைத்துப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் மின் செலவு ஏன் இவ்வளவு வருகிறது என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் அறைக்குள் போனேன். மேலே ஒரு மாடியில்கூட விளக்கு இல்லை. சர்வர் அறையும் அவசர விளக்குகளும்தான் ஓடிக்கொண்டிருந்தன. மீட்டரில் லோடு ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் அதே கனமான ரீங்காரத்தோடு நின்றன. மேல் ஜன்னலருகே கையை வைத்தால் வெதுவெதுவென்று காற்று வந்தது. யாருக்கும் பயன்படாத மின்சாரம் அப்படிச் சூடாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வருடம் 8,760 மணி நேரமும் அது போகும். டிரான்ஸ்ஃபார்மர் தேர்வில் நான் முதலில் பார்ப்பது இந்தச் சூட்டைத்தான்.

இதற்குப் பெயர்தான் நோ-லோடு இழப்பு, நம் ஆட்கள் இரும்பு இழப்பு என்பார்கள். கோரில், அதாவது நடுவில் உள்ள இரும்புத் தகடு அடுக்கில், காந்தப் புலம் நொடிக்கு 50 அல்லது 60 தடவை திசை மாறி மாறிப் போய் வர ஆகும் செலவு அது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இணைப்பில் இருக்கும்வரை அது அப்படியே இருக்கும். இன்னொன்று லோடு இழப்பு, அதாவது வைண்டிங்கில் (கம்பிச் சுருளில்) ஓடும் கரண்டால் வரும் சூடு. இது லோடின் வர்க்கத்தைப் போல் ஏறி இறங்கும். லோடு பாதியானால் இழப்பு கால் பங்காகிவிடும். 40 சதவீதத்தில் ஓடினால் 16 சதவீதம்தான். கொட்டேஷனில் இருக்கும் 9,000 வாட் என்பது முழு லோடுக்கான எண். உங்கள் கட்டிடம் முழு லோடைத் தொடப் போவதே இல்லை.

இப்போது அந்த 99 சதவீதத்துக்கு வருவோம். முழு லோடில், பவர் ஃபேக்டர் 1 (அதாவது கேவிஏவும் கிலோவாட்டும் ஒன்றே) என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டாவது கொட்டேஷனுக்கு 98.99 சதவீதம் வருகிறது. அவர்கள் சொன்னது பொய்யில்லை. முதலாவதுக்கு 98.97. அதையும் 99 என்றே சொல்லலாம். இந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுவே போதும்.

உங்கள் கட்டிடத்தின் வருடத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். விடுமுறைகள் போக வேலை நாட்கள் 250 என்று வைத்தால் 2,750 மணி நேரம் 40 சதவீத லோடு, மிச்சம் 6,010 மணி நேரம் 8 சதவீத லோடு. முதல் கொட்டேஷனில் இரும்பு இழப்பு மட்டும் வருடத்துக்கு 12,264 யூனிட். லோடு இழப்பு எல்லாம் சேர்த்து சுமார் 4,300 யூனிட்தான். அதாவது சும்மா நிற்பதற்கே கிட்டத்தட்ட மூன்று மடங்கு செலவு. மொத்தம் 16,570 யூனிட்டை ஒட்டி வருகிறது. இரண்டாவது கொட்டேஷனில் இரும்பு இழப்பே 17,520 யூனிட், மொத்தம் ஏறக்குறைய 21,900. முழு லோடில் ஒரு முடி அளவு முன்னால் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர், உங்கள் கட்டிடத்தில் ஒவ்வொரு வருடமும் 5,300 யூனிட் அதிகம் விழுங்குகிறது. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், 25 வருட ஆயுள் என்று பெருக்கிப் பாருங்கள்: இரண்டரை லட்சம் யூனிட்டுக்கு மேல். அமெரிக்க விதிகள் குறைந்த மின்னழுத்த டிரை டைப்பின் எஃபிஷியன்சியை 35 சதவீத லோடில் அளக்கச் சொல்வதும் இதனால்தான். கட்டிட டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலான நேரம் குறைந்த லோடில்தான் நிற்கின்றன.

இரண்டாவது கொட்டேஷனில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. நீங்கள் அனுப்பிய டேட்டா ஷீட்டின் அடியில், சின்ன எழுத்தில், லோடு இழப்பு 75 டிகிரி செல்சியஸில் என்று இருக்கிறது. மற்ற இரண்டிலும் 120 டிகிரி. எஃப் வகுப்பு இன்சுலேஷன் கொண்ட டிரை டைப்புக்கு ஐஇசி என்ற சர்வதேசத் தரப்படி 120 டிகிரியில்தான் சொல்ல வேண்டும். 75 டிகிரி என்பது ஆயில் டைப்புக்கான வழக்கம். சூடு ஏறினால் கம்பியின் மின்தடை ஏறும். 75-க்கும் 120-க்கும் இடையே அது செம்பில் 14 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. லோடு இழப்பில் ஒரு சிறு பகுதியான சுழல் மின்னோட்ட இழப்பு மட்டும் சூட்டில் குறையும். அதையும் சேர்த்து அந்த 8,200 வாட்டை 120 டிகிரிக்கு மாற்றினால் சுமார் 9,150 வாட் ஆகிவிடும். மேலே அவர்களுக்கு நான் போட்ட வருடக் கணக்கில் இந்த 9,150-ஐத்தான் எடுத்திருக்கிறேன். முதலாவதைவிட லோடு இழப்பு குறைவு என்று தெரிந்ததெல்லாம் வெறும் தோற்றம்தான். எந்த டிகிரியில் சொன்ன எண் என்று கேட்காமல் இரண்டு டேட்டா ஷீட்டை ஒப்பிடவே கூடாது.

ஆக, இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அமார்ஃபஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான கோரில் போடும் சிஆர்ஜிஓ சிலிகான் எஃகுத் தகடு 0.23 முதல் 0.30 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அமார்ஃபஸ் நாடா சுமார் 0.025 மில்லிமீட்டர்தான், தலைமுடியைவிட மெல்லியது. இரும்பு, போரான், சிலிகான் கலவையை உருக்கி, நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர வைக்கிறார்கள். படிகமாக அடுக்கிக்கொள்ள அணுக்களுக்கு நேரமே கிடைப்பதில்லை. கண்ணாடியைப் போல ஒழுங்கற்று உறைந்துவிடுகின்றன. அதனால் காந்தம் திசை மாறும்போது தடை மிகக் குறைவு. இரும்பு இழப்பு 60, 70 சதவீதம் இறங்குவது இதனால்தான். உங்கள் கணக்கில் மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மர் வருடத்துக்கு 9,120 யூனிட்தான் எடுக்கும். முதலாவதைவிட 7,400 யூனிட்டுக்கு மேல் மிச்சம், ஒவ்வொன்றிலும்.

ஆனால் இதற்கு ஓர் விலையும் இருக்கிறது, அது பணம் மட்டுமில்லை. சிலிகான் எஃகு தாங்கும் அளவு காந்தச் செறிவை இது தாங்காது, அதனால் கோர் பெரிதாகும், எடை கூடும். ரீங்காரமும் கொஞ்சம் அதிகம். அடித்தளத்தின் தூண், பீம் கணக்குகளை நீங்களே போடுகிறவர், ஆகவே எடையையும் அளவையும் வரைபடத்தோடு கேட்டு வாங்குங்கள். அறைக்கு நேர் மேலே கூட்ட அறையோ ஓய்வறையோ இருந்தால் டெசிபல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பணத்தைப் பொறுத்தவரை வழி எளிது: விலை வித்தியாசத்தை 7,400 யூனிட்டுக்கு நீங்கள் கட்டும் தொகையால் வகுங்கள். எட்டு வருடத்துக்குள் திரும்பி வந்தால் நான் எடுத்துவிடுவேன். பதினைந்தைத் தாண்டினால் அந்தப் பணத்தை வேறு இடத்தில், ஏசி பிளான்ட்டில் போட்டால் அதிக யூனிட் மிச்சமாகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்கிறேன். கட்டிடத்துக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். டிரை டைப் அடித்தளத்துக்கு ஏற்றது, தீ பயம் குறைவு. ஆனால் காற்று ஆயில் அளவுக்கு இன்சுலேட் செய்வதில்லை, வைண்டிங்குகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் விட வேண்டும், கோரும் பெரிதாகும். அதனால் இரும்பு இழப்பு இயல்பாகவே அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் வரம்புகளைப் பாருங்கள்: 1000 கேவிஏ டிரை டைப்புக்கு நோ-லோடு 1,395 வாட் வரை அனுமதி. அதே 1000 கேவிஏ ஆயில் டைப்புக்கு 693 வாட்தான், லோடு இழப்பு 7,600 வாட். உங்கள் முதல் கொட்டேஷன் இந்த டிரை டைப் வரம்பை ஒட்டி நிற்கிறது, நல்ல தயாரிப்புதான். ஆனால் அந்த வரம்பில் உள்ள ஓர் ஆயில் டைப்பை வெளியே வைத்தால் வருட இழப்பு சுமார் 9,700 யூனிட். அமார்ஃபஸ் டிரை டைப்புக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

தீ பற்றிய கவலை நியாயமானது. மினரல் ஆயிலின் தீப்பிடி நிலை 170 டிகிரியை ஒட்டி இருக்கும். தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் எஸ்டர் திரவங்களுக்கு அது 300 டிகிரிக்கு மேல். எஸ்டர் நிரப்பி, கசிந்தால் தேங்கக் குழி கட்டி, சுவரிலிருந்து உங்கள் ஊர் விதி சொல்லும் தூரம் விட்டு வைக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளிக்கொண்டே போனால் லோ-டென்ஷன் கேபிள் நீளும். 400 கேவிஏ ஓடும்போது 415 வோல்ட்டில் ஒரு பேஸுக்கு 550 ஆம்பியர் வரும். நாற்பது, ஐம்பது மீட்டர் கூடினால் இங்கே மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி கேபிளில் சூடாகப் போய்விடும். பின்சுவரை ஒட்டிய மெயின் பேனல் அறையும் அதற்கு வெளியே டிரான்ஸ்ஃபார்மரும் என்று அமைந்தால் அருமை. கட்டிடக் கலைஞரோடு இன்றே உட்காருங்கள். கான்கிரீட் போட்ட பிறகு இதைப் பேச முடியாது.

அடித்தளம்தான் என்று முடிவானால் காற்றோட்டத்தை விட்டுவிடாதீர்கள். பகலில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிலோவாட் சூட்டை அறைக்குள் விடும். கீழே காற்று நுழைய, மேலே வெளியேற வழி வைத்தால் அது தானே போய்விடும். அறையை ஏசி போட்டுக் குளிர வைத்தால் அந்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏசியும் மின்சாரம் எடுக்கும்.

சரி, கான்ட்ராக்டர் சொல்லும் 1600. பெரிதாகப் போட்டால் லோடு இழப்பு குறையும் என்பது உண்மை, ஆனால் பெரிய கோருக்கு இருபத்துநாலு மணி நேரமும் செலவு செய்ய வேண்டும். ஐரோப்பிய வரம்பு எண்களை வைத்து உங்கள் லோடுக்குப் போட்டுப் பார்த்தேன். 800 கேவிஏ என்றால் வருடத்துக்கு 16,200 யூனிட், 1000 என்றால் 16,500, 1600 என்றால் 19,800. 800-க்கும் 1000-க்கும் பெரிய வித்தியாசமில்லை, அதற்கு மேல் போனால்தான் ஏறுகிறது. ஒன்று பழுதானால் மற்றது 850 கேவிஏவைச் சுமக்க வேண்டும். விசிறி பொருத்திய 800 கேவிஏ டிரை டைப் அதைத் தாராளமாகச் செய்யும், விசிறி ஓடும்போது வழக்கமாக 40 சதவீதம் வரை கூடுதலாகத் தாங்கும்படி செய்து தருகிறார்கள். ஆனால் அது பழுது நேரத்துக்கான ஏற்பாடு. தினசரி அப்படி ஓட்டக் கூடாது, 1.4 மடங்கு லோடில் லோடு இழப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கார் சார்ஜர் உறுதி என்றால் 1000 சரியாக இருக்கும், அதை நான் தடுக்க மாட்டேன். 1600-ஐத் தடுப்பேன். சார்ஜர்கள் இரவில் ஓடினால் மேலே போட்ட 8 சதவீதக் கணக்கும் மாறும், அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை போடுங்கள்.

செம்பா அலுமினியமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: எழுத்தில் உறுதி தந்த வாட் ஒன்றாக இருந்தால் இழப்பும் ஒன்றுதான். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் 61 சதவீதம், அதனால் கம்பி தடிமனாகும், டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் பெரிதாகும். இடம் இருந்தால் அலுமினியத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். முனைகளில் இணைப்புகளை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

அலுவலகம் என்றால் ஹார்மோனிக்ஸ் இருக்கும், அதாவது மின்சாரத்தின் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் கரண்ட். கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர், லிஃப்ட் மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி, நாளை வரும் சார்ஜர் என எல்லாமே கரண்டைச் சீரான அலையாக இழுப்பதில்லை. வைண்டிங்கின் சுழல் மின்னோட்ட இழப்பு ஹார்மோனிக் எண்ணின் வர்க்கத்தோடு ஏறும். ஐந்தாவது ஹார்மோனிக் தன் அளவுக்கு 25 மடங்கு வேலை காட்டும். மூன்றாவது நியூட்ரலில் சேர்ந்துகொள்ளும். டெல்டா-ஸ்டார் இணைப்பும் பெரிய நியூட்ரலும் கட்டாயம் வேண்டும். பயந்துபோய் இரண்டு மடங்கு கேவிஏ எடுப்பதைவிட, லோடு பட்டியலைக் கொடுத்து அதற்கேற்ற கே-ஃபேக்டர் (ஹார்மோனிக்ஸைத் தாங்கும்) வடிவமைப்பைக் கேட்பது நல்லது.

அப்புறம் ஒப்பந்தம். இதில் நான் ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் பார்க்கப் போனேன். உறுதி கொடுத்த நோ-லோடு இழப்பு 1,600 வாட். மீட்டரில் 1,830 காட்டியது. திருப்பி அனுப்பலாம் என்று தாளை எடுத்தேன். தயாரிப்பாளர் அமைதியாக ஐஇசி 60076-ஐக் காட்டினார்: மொத்த இழப்பு 10 சதவீதத்துக்குள் இருக்கும்வரை, தனித்தனி இழப்பு 15 சதவீதம் வரை கூடலாம். அவருடைய டிரான்ஸ்ஃபார்மரின் மொத்த இழப்பு வரம்புக்குள்தான் இருந்தது. ஒப்பந்தத்தில் நாங்கள் எதுவும் எழுதவில்லை. அந்தக் கூடுதல் 230 வாட் இன்றும் அந்தக் கட்டிடத்தில் வருடத்துக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் இரண்டு இழப்பையும் வாட்டில், எந்த வெப்பநிலையில் என்று சேர்த்து, "அதிகபட்சம், கூட்டல் சலுகை இல்லை" என்று எழுதுங்கள். தாண்டும் ஒவ்வொரு வாட்டுக்கும் விலையில் கழிவு, இன்ன அளவைத் தாண்டினால் நிராகரிப்பு என்றும் சேருங்கள். நோ-லோடு, லோடு டெஸ்ட் இரண்டையும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் உங்கள் ஆள் நின்று பார்க்கட்டும். முதல் டிரான்ஸ்ஃபார்மரின் ரிப்போர்ட்டை இரண்டாவதுக்கும் காட்டினால் ஏற்காதீர்கள்.

கடைசியாக, இரவில் ஒன்றை அணைப்பது. கணக்கில் பார்த்தால் ஆசை காட்டும்: முதல் கொட்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒன்றை அணைத்து 160 கேவிஏவையும் மற்றொன்றில் போட்டால், ஆட்கள் இல்லாத நேரம் முழுவதும் சேர்த்து வருடத்துக்கு 7,700 யூனிட் மிச்சம். ஆனால் தினமும் அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முழு லோடு கரண்டைப் போலப் பல மடங்கு கரண்ட் ஒரு கணம் பாயும். ஆறிப்போன டிரை டைப் ஈரத்தைப் பிடிக்கும். வாக்கூம் பிரேக்கர் திறந்து மூடும்போது எழும் மின்னழுத்த அலை ரெசின் வைண்டிங்கைச் சோதிக்கும். நான் என்றால் வார இறுதிகளிலும் நீண்ட விடுமுறைகளிலும் மட்டும் அணைப்பேன். அணைந்திருக்கும் நேரத்தில் ஈரம் சேராமல் இருக்கச் சின்ன ஹீட்டர் வைக்கச் சொல்வேன். ஹீட்டரும் கொஞ்சம் யூனிட் எடுக்கும், அதைக் கழித்தே மிச்சத்தைக் கணக்கிடுங்கள். இதற்கு இரண்டு பேனலுக்கும் நடுவே இன்டர்லாக் உள்ள பஸ் கப்ளர் (இரண்டையும் இணைக்கும் சுவிட்ச்) வேண்டும். அது பேனல் ஆர்டர் கொடுக்கும்போதே சேர்க்க வேண்டிய சாமான். உங்கள் பேனல் வரைபடம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போதே சேர்த்துவிடுங்கள்.

பின்புற இடத்தின் அளவையும் பேனல் அறை எங்கே வரும் என்பதையும் அனுப்பி வையுங்கள். கேபிள் இழப்பையும் சேர்த்து அடித்தளம், பின்புறம் இரண்டுக்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.